செகண்ட்ஸில் ஒரு ஜாஸ் பேஸ்: விற்போர் வாங்குவோர் கையேடு

பழைய பேஸ் கிட்டார் விற்பனையில் கைமாறும் சரக்கு இரண்டு. ஒன்று மரமும் கம்பியும் சேர்ந்த வாத்தியம். மற்றொன்று அந்த வாத்தியத்தைப் பற்றிய கதை. முதலாவதைக் கையில் வாங்கலாம். ஆனால் பெரும்பகுதிப் பணம் இரண்டாவதற்கே போய்ச் சேரும்.

வியாபாரத்தில் எதிரெதிரே உட்காருவோரும் இரு வகை. ஒருவர் மெல்லிசைக் குழுக்களில் வாசித்துப் பழுத்தவர். எதற்கும் ஒரு வரலாறு வைத்திருப்பார். அவர் இங்கே ‘அண்ணன்’. மற்றவர் வார நாளில் கணினி முன்பும் ஞாயிற்றுக்கிழமையில் சால்டரிங் அயர்ன் முன்பும் இருப்பவர். எதையும் ஸ்க்ரூ கழற்றிப் பார்த்தால்தான் நம்புவார். அவர் ‘தம்பி’. சென்னையில் நடக்கும் மாதிரி விற்பனை ஒன்று, அதன் கட்டங்களின் வரிசையிலேயே கீழே தரப்படுகிறது.

1. அறிவிப்பு

விற்பனை அறிவிப்பின் வாசகங்கள் மரபு வழியாக வருபவை. ‘வீட்டில் மட்டும் வாசித்தது’ என்று இருந்தால் கச்சேரிகளின் எண்ணிக்கை கேட்கக்கூடாது. ‘அவசரப் பணத் தேவை’ என்று இருந்தால் விலை குறையாது. ‘லேசான கீறல்’ எப்போதும் படம் எடுக்காத பக்கத்தில் இருக்கும்.

தம்பி: போட்டோல பின்பக்கமே காணோமேண்ணே?

அண்ணன்: பேஸை முன்பக்கமாத்தான் தம்பி வாசிப்பாங்க.

தம்பி: ‘சிங்கிள் ஓனர்’னு போட்டிருக்கீங்க. ஏற்கெனவே ரெண்டு பேர் கை மாறினதாச் சொன்னாங்களே?

அண்ணன்: எங்கிட்ட வந்தப்புறம் நான் ஒருத்தன்தானே ஓனர்!

2. வயது

லியோ ஃபெண்டரின் நிறுவனம் கலிஃபோர்னியாவில் 1951-இல் பிரிசிஷன் பேஸையும் 1960-இல் ஜாஸ் பேஸையும் கொண்டுவந்தது. 1965-இல் அவர் நிறுவனத்தை சிபிஎஸ்ஸுக்கு விற்றார். அதற்கு முன் செய்தவை ‘ப்ரீ-சிபிஎஸ்’ எனப்படும். இந்த ஓர் அடைமொழி விலையைப் பல மடங்கு உயர்த்தும் என்பதால், சந்தையில் 1965-க்கு முந்தைய வாத்தியங்கள் தொழிற்சாலையில் செய்ததைவிட அதிகமாகவே தென்படும்.

அண்ணன்: அறுபத்து நாலு மாடல். லியோ ஃபெண்டர் இருந்த காலத்துச் சரக்கு. அவர் கைபட்டதுன்னே வச்சுக்கோ.

தம்பி: நம்பர் தலையில இருக்கேண்ணே.

அண்ணன்: தலையில இருந்தா மரியாதைதானே?

தம்பி: எழுபத்தாறு வரைக்கும் கழுத்து ப்ளேட்லதான் நம்பர் அடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் தலைக்கு ஏறுச்சு. இதுல ‘எஸ்7’னு ஆரம்பிக்குது. ப்ளேட்ல மூணு ஸ்க்ரூதான் இருக்கு. அறுபத்து நாலுன்னா நாலு இருக்கணும்.

அண்ணன்: பழசு தம்பி, ஒண்ணு எங்கயாவது விழுந்திருக்கும்.

தம்பி: ஓட்டையும் சேர்ந்து விழுந்துருச்சா?

தகராறு முற்றினால் வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள ‘பாட்’டின் முதுகைப் பார்ப்பது வழக்கம். அங்கே அச்சடித்த எண்ணில் முதல் மூன்று இலக்கம் செய்த கம்பெனி. 137 என்றால் சிடிஎஸ். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டும் வாரம். கிட்டார் இந்தத் தேதிக்கு முன்னால் பிறந்திருக்க முடியாது. இது வாத்தியத்தின் ஜாதகம். கல்யாணச் சந்தையில் போலவே இங்கும் ஜாதகத்தை மாற்றி வைப்பவர்கள் உண்டு. அதனால் ‘பாட்’டில் இருக்கும் சால்டர் பழையதா, புதிதாக வைத்ததா என்றும் பார்க்க வேண்டும்.

தம்பி: 1377712. எழுபத்தேழாம் வருஷம், பன்னெண்டாவது வாரம்.

அண்ணன்: எழுபத்தேழா? மார்கஸ் மில்லர் வச்சிருக்கறதும் எழுபத்தேழு ஜாஸ் பேஸ்தானே! அடடா, தெரியாம விலையைக் கம்மியாச் சொல்லிட்டேனே.

இத்தொழிலின் முதல் விதி இங்கே விளங்கும்: தேதி பொய் என்று நிரூபித்தால் விலை இறங்காது, விலைக்கான காரணம்தான் மாறும்.

3. மரம்

எழுபதுகளின் ஜாஸ் பேஸ் பலவற்றுக்கும் உடல் ஆஷ் மரம். நாலரைக் கிலோவைத் தாண்டுவது சாதாரணம்.

அண்ணன்: தூக்கிப் பாரு. கனம் இருந்தாத்தான் நாதம் நிக்கும்.

தம்பி: மூணு மணி நேரக் கச்சேரிக்கு இதை மாட்டிக்கிட்டு நானும் நிக்கணுமேண்ணே.

அண்ணன்: இந்த மாதிரி அமெரிக்க மரம் இனிமே கிடைக்குமா?

தம்பி: உடம்பு அமெரிக்கா, ஒத்துக்கறேன். விரல் வைக்கிற பலகை நம்ம ஈட்டி மரம்.

தம்பி சொல்வதில் விவரம் இருக்கிறது. அறுபதுகளின் நடுவில் ஃபெண்டர் பிரேசில் ரோஸ்வுட்டை விட்டு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈட்டி, தோதகத்தி என்று வழங்குவது அந்த மரமே. பிரேசில் ரோஸ்வுட்டை எல்லை தாண்டி விற்பதற்கு 1992 முதலே கடும் கட்டுப்பாடு உண்டு. 2017 ஜனவரியில் சைட்டீஸ் உடன்படிக்கை ரோஸ்வுட் இனம் முழுவதையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. நாடு விட்டு நாடு விற்கும் கிட்டாருக்கும் காகிதம் கேட்டார்கள். 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. பிரேசில் மரத்துக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை.

அண்ணன்: நம்ம ஊர் மரம் ஃபாரின் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு. அதுக்குன்னு தனி மதிப்பு உண்டு தம்பி.

கழுத்தைச் சோதிக்க ஒரே கம்பியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழாம் எட்டாம் ஃப்ரெட் அருகே கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதிகம் இருந்தால் உள்ளே ஓடும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரி செய்யலாம். கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் எந்தத் திருகும் உதவாது.

தம்பி: கழுத்து கொஞ்சம் வளைஞ்சிருக்கேண்ணே.

அண்ணன்: கடல் காத்து. இந்த ஊர்ல நாப்பது வருஷமா வளையாம இருக்கிற எதையாவது காட்டு, பார்ப்போம்.

4. காயம்

பழைய வாத்தியத்தில் தேய்மானம் மதிப்பைக் கெடுக்காது. கெடுப்பது மறுபெயின்ட்தான், அசல் வண்ணம் போனால் விலை ஏறக்குறைய பாதியாகும் என்பது வியாபாரிகளின் கணக்கு. 1995-இல் ஃபெண்டரின் கஸ்டம் ஷாப் புத்தம் புதுக் கிட்டாரைத் தானே கீறி, துரு ஏற்றி, ‘ரெலிக்’ என்று விற்கத் தொடங்கியது. அன்று முதல் புதிதிலும் காயத்துக்குத் தனிக் கூலி வந்துவிட்டது.

தம்பி: இங்க பெயின்ட் ஒரே சீராத் தேய்ஞ்சிருக்கே. எமரி தாளா?

அண்ணன்: முழங்கை பட்டுத் தேய்ஞ்சது. எத்தனை மேடை!

தம்பி: எழுபத்தேழு பெயின்ட் பாலியெஸ்டர்ணே. ஆணி வச்சுக் கீறினாத்தான் போகும்.

அண்ணன்: என் முழங்கை பத்தி உனக்குத் தெரியாது.

5. ஒலி

ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்களும் காந்தத் துருவத்திலும் கம்பி சுற்றிய திசையிலும் ஒன்றுக்கொன்று எதிர். இரண்டு வால்யூமையும் முழுதாகத் திறந்தால் ஒன்றின் ஹம்மை மற்றது அடித்துவிடும். ஒன்றைக் குறைத்தால் ஹம் தலைகாட்டும். விற்பவர் எப்போதும் இரண்டையும் திறந்தே வாசித்துக் காட்டுவார்.

தம்பி: (ஒரு வால்யூமைக் குறைத்து) ஹம் அடிக்குதேண்ணே. பாட் வேற கரகரங்குது.

அண்ணன்: அது கரகரப்பு இல்ல, வாம்த். கம்பியைப் பாரு, மாத்தவே இல்ல. ஜேம்ஸ் ஜேமர்சன் கடைசி வரைக்கும் கம்பி மாத்தாமத்தான் மோடவுன் பாட்டுக்கெல்லாம் வாசிச்சார்.

தம்பி: அவர் வாசிச்சது அறுபத்திரண்டு பிரிசிஷன். போட்டிருந்தது ஃபிளாட்வுண்ட் கம்பி. இது ரவுண்ட்வுண்ட், மேல இருக்கிறது துரு.

அண்ணன்: துருவும் ஒரு டோன்தான்.

6. பெடல்

முழுத் தொகையும் ரொக்கமாகக் கொடுப்பவர் குறைவு. பாதிக்குப் பணம், மீதிக்குப் பெடல் என்பது பரவலான ஏற்பாடு. இந்தக் கட்டத்தில் வாங்கியவர் விற்பவராகிறார். ஆளோடு சேர்ந்து வாதமும் இடம் மாறுகிறது. அண்ணனின் கதை பரம்பரையைப் பற்றியது என்றால், தம்பியின் கதை உதிரிபாகத்தைப் பற்றியது.

தம்பி: டியூப் ஸ்க்ரீமர், டிஎஸ் 808. உள்ள ஒரிஜினல் ஜேஆர்சி 4558டி சிப்.

அண்ணன்: கழட்டு, பார்ப்போம். அந்தச் சிப் என்ன விலை?

தம்பி: 4558 ரிச்சி ஸ்ட்ரீட்ல டீக் காசுக்குக் கிடைக்கும். ஆனா அது வேற, இது வேற.

அண்ணன்: நம்பர் ஒண்ணுதானே?

தம்பி: நம்பர் ஒண்ணுதான். இது பளபளப்பு வகை.

அண்ணன்: பளபளப்பு ஆம்ப்ல கேக்குமா?

அண்ணன் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. டியூப் ஸ்க்ரீமர் கிட்டாருக்காக வடிவமைத்தது. ஒலியை உடைக்கும் கட்டத்தில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைப் படிப்படியாக ஒதுக்கிவிடும். பேஸின் தடித்த கம்பியின் அடி ஸ்வரம் 41 ஹெர்ட்ஸ். பேஸ்காரருக்கு இந்தப் பெடலில் குறைவது அவருடைய பிழைப்பே. அதற்காகத்தான் பேஸுக்கென்று செய்யும் ஓவர்டிரைவ்களில் அசல் ஒலியையும் கலந்துகொள்ள ஒரு குமிழ் வைக்கிறார்கள்.

அடுத்த சரக்கு க்ளோன் சென்டாரின் நகல். அசலை அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் பில் ஃபினெகன் 1994 முதல் 2000-களின் இறுதி வரை செய்தார். மொத்தம் சுமார் 8,000. சர்க்யூட்டை யாரும் பார்க்கக்கூடாது என்று மேலே எபாக்ஸி ஊற்றி மூடினார். இன்று ஒன்றின் விலை பல ஆயிரம் டாலர். பின்னாளில் வந்த கேடிஆர் பெடலின் மீது, இந்த ஆர்ப்பாட்டத்துக்குத் தாம் காரணமல்ல என்ற பொருளில் ஒரு வரியை அவரே அச்சிட்டார். அந்தப் பெடலுக்கும் ஆர்ப்பாட்டம் குறையவில்லை.

தம்பி: நானே கட்டினது. அதே சர்க்யூட், அதே ஜெர்மானியம் டையோடு.

அண்ணன்: சர்க்யூட்தான் ஊருக்கே தெரியுமே. அப்புறம் எதை மறைக்கக் கறுப்பா ஊத்தி வச்சிருக்கே?

தம்பி: ஒரிஜினல்ல அப்படித்தாண்ணே இருக்கு.

அண்ணன்: பெயின்டைத் தேய்ச்சா எமரி தாள்னு கேட்ட. நீ ஊத்தினா ஒரிஜினலா?

மூன்றாவது, ரஷ்யாவில் செய்த சோவ்டெக் பிக் மஃப். தொண்ணூறுகளின் பச்சை டப்பா. அடி ஒலியை விழுங்காது என்பதால் பேஸ்காரர்களிடம் நல்ல பெயர். அதே வகையை நியூயார்க்கின் எலெக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் 2017-இல் சிறு டப்பாவில் மறுபடி வெளியிட்டது.

அண்ணன்: புதுசே கிடைக்குது. பழசுக்கு எதுக்கு இவ்வளவு?

தம்பி: இது ரஷ்யாவுல செஞ்சதுண்ணே.

அண்ணன்: செஞ்ச ஊருக்கா காசு? காலையில இதைத்தானே தம்பி நீ எங்கிட்ட கேட்ட?

பெடலில் உண்மையாகப் பார்க்க வேண்டியவை குறைவு. பேட்டரி கசிந்து கம்பி பச்சை பூத்திருக்கிறதா, மிதிக்கும் சுவிட்ச் ஒவ்வொரு மிதிக்கும் மாறுகிறதா, ஜாக் ஆடுகிறதா, அடாப்டர் எது. பெரும்பாலான பெடல்களுக்கு 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். பழைய ஜெர்மானியம் ஃபஸ் சிலவற்றுக்கு இது தலைகீழ். மாற்றிச் செருகினால் பெடல் போய்விடலாம்.

7. விலை

விற்பவரின் கணக்கு: அமெரிக்காவில் யாரோ கேட்கும் உச்ச விலை, அதை ரூபாயாக்கி, அதன்மேல் தான் கட்டாத கஸ்டம்ஸ். வாங்குபவரின் கணக்கு: எங்கோ விற்றுப்போன அடிமட்ட விலை, அதில் ஃப்ரெட் வேலை, கம்பி, செட்டப் எல்லாம் கழிவு.

தம்பி: சிங்கப்பூர்க் கச்சேரிக்குப் போனப்ப கையோட கொண்டுவந்ததுதானே? கஸ்டம்ஸ் எங்க கட்டினீங்க?

அண்ணன்: நான் கட்டலை. இன்னைக்கு நீ கொண்டுவந்தா கட்டணும்ல? அந்தக் காசை உனக்கு மிச்சம் பண்றேன், அதுல பாதி கேக்கறேன்.

தம்பி: அப்ப என் பெடலுக்கும் கஸ்டம்ஸ் சேர்த்துக்கறேன்.

அண்ணன்: நீயே வீட்ல கட்டின பெடலுக்கா?

இரு தரப்பும் இரண்டு முறை எழுந்து போவதுபோல் காட்டிவிட்டு உட்காருவது மரபு. உடன்பாடு பெரும்பாலும் இருவரும் முதலிலேயே மனத்தில் வைத்திருந்த தொகையில் முடியும்.

8. ரசீது

ஜேமர்சனின் பிரிசிஷன் பேஸ், 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருட்டுப்போனது. ஜாகோ பாஸ்டோரியஸின், ஃப்ரெட்களைப் பிடுங்கி எபாக்ஸி பூசிய 1962 ஜாஸ் பேஸ், 1986-இல் நியூயார்க்கில் களவுபோய் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்தே தென்பட்டது. ஆகவே எவ்வளவு பழகியவரானாலும் ரசீதில் வரிசை எண், தேதி, இருவர் கையெழுத்து மூன்றும் வேண்டும்.

தம்பி: வருஷத்துக்குப் பக்கத்துல ‘மார்கஸ் மில்லர்’னு எதுக்கு எழுதறீங்க?

அண்ணன்: அப்ப நீ ‘பளபளப்பு’ங்கறதை அடி.

இரண்டும் அடிக்கப்பட்டன. தாளில் நின்றவை: பேஸ் கிட்டார் 1, வரிசை எண், பெடல் 3, ரொக்கம்.

தம்பி: பை?

அண்ணன்: பை தனி.

தம்பி: அப்ப அடாப்டரும் தனிண்ணே.