லிஸ்ட் தம்பி

செமஸ்டர் பரீட்சை முடிந்த மறுநாள், சேலத்திலிருந்து ஏற்காடு போகும் முதல் பஸ்களில் ஏதாவது ஒன்றில் அவர் இருப்பார். சேலம் வெயிலிலேயே கழுத்துவரை ஜிப் போட்ட ஜெர்கின். கையில் நான்காக மடித்த தாள். ஏற்காட்டில் வேலை பார்க்கும் எனக்கு இது தினசரி பஸ். பத்து வருஷத்தில் இப்படி நூறு தம்பிகளையாவது பார்த்திருப்பேன். ஜெர்கின் நிறம் மாறும். லிஸ்ட் மட்டும் மாறாது.

"அங்கிள், ஏற்காடு உங்களுக்கு முதல் தடவையா?" என்று ஆரம்பிப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் ஏரி, காடு இரண்டையும் பிரித்து ஊர்ப்பெயருக்கு விளக்கம் வந்துவிடும். சேர்வராயன் மலை, 1,515 மீட்டர் உயரம், 20 கொண்டை ஊசி வளைவு. எல்லாம் தாளில் இருக்கிறது. பாரிஸில் போய் இறங்கும் மாணவன் பெட்டியை வைக்கும் முன்னே ஈஃபிள் கோபுரத்துக்கு ஓடுவானாமே, அந்த அவசரம் இவருக்கு அடிவாரத்திலேயே பிடித்துவிடும். அம்மா கொடுத்தனுப்பிய எலுமிச்சம்பழத்தை, "இதெல்லாம் எனக்கெதுக்கு?" என்று பக்கத்து சீட்டுக் குழந்தையிடம் கொடுத்துவிடுவார். ஒன்பதாவது வளைவில் பேச்சு நிற்கும். பதினோராவது வளைவில் அந்தக் குழந்தையிடமே கை நீட்டுவார்.

ஊர் சின்னது. பகலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் படுவார். ஏரியில் நண்பனோடு பெடல் படகு ஏறுவார். ஒருவர் முன்னால் மிதிக்க, மற்றவர் பின்னால் மிதிக்க, படகு அரைமணி நேரம் ஒரே இடத்தில் அரைத்துக்கொண்டிருக்கும். ஆனாலும் தாளில் ஏரிக்கு ஒரு டிக்.

அடுத்து லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட் என்ற காட்சிமுனைகள். டவுன் பஸ்ஸில் எழுதிப் போட்ட மாதிரி ஆளுக்கொரு சீட் இருப்பது அவருக்கு ஆச்சரியம். பகோடா பாயின்ட்டுக்குப் பசியோடு போவார். கோபுரம் மாதிரி அடுக்கிய கற்களால் வந்த பெயர் என்று தெரிந்ததும் முகம் வாடும். மிளகாய் பஜ்ஜிதான் ஆறுதல்.

எஸ்டேட் ஓரம் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றி ஏறிய மிளகுக்கொடியைப் பார்த்து, "மச்சி, வெத்தலைடா!" என்பார். பக்கத்திலேயே காபிச் செடியில் பழம் சிவந்து கிடக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காபியைக் கொண்டுவந்த கதையை நண்பனுக்குச் சொல்லிக்கொண்டே ஒரு பழத்தைப் பறித்து வாயில் போடுவார். வழவழவென்று லேசான இனிப்பு, நடுவில் கடிபடாத கொட்டை.

"காபி வாசனையே இல்லையேக்கா?"

கூடை கட்டிப் பழம் பறிக்கும் அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "தோலுரிச்சு, காயவெச்சு, வறுத்து, அரைச்சாத்தான் கண்ணு காபி. பாலும் சக்கரையும் செடியிலயே காய்க்குமா?"

5,326 அடி உயரத்தில் சேர்வராயன் குகைக் கோயில். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். பகுத்தறிவு பேசிக்கொண்டே வந்த நண்பனும் அங்கே தலை வணங்கியே ஆக வேண்டும். அதற்கும் ஒரு டிக்.

சாயங்காலம் லேடீஸ் சீட். அதற்குள் மூடுபனி இறங்கியிருக்கும். கைப்பிடிக் கம்பிக்கு அந்தப் பக்கம் வெள்ளைச் சுவர். காசு கொடுத்துத் தொலைநோக்கியில் கண்ணை வைப்பார். உள்ளேயும் அதே வெள்ளைதான், கொஞ்சம் பெரிதாகத் தெரியும்.

"அண்ணா, சேலம் எங்கே?"

"அங்கதான் இருக்குதுங்க தம்பி. எங்க போயிடப் போகுது?"

கொஞ்சம் யோசிப்பார். பிறகு பேனாவை எடுத்து, மற்ற டிக்குகளைவிட அழுத்தமாக ஒன்று போடுவார்.

ஒருமுறை இரவு பஸ்ஸில் அப்படி ஒரு தம்பி என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். காலையில் கேட்டவர் அல்ல இவர், கரை கண்டவர். ஜன்னலுக்கு முதுகைக் கொடுத்துத் திரும்பிக்கொண்டு ஜூனியருக்கு போன் போட்டார்.

"டேய், எதை விட்டாலும் லேடீஸ் சீட்டை விட்டுடாதே. ராத்திரில நின்னு பார்க்கணும்டா. சேலம் மொத்தமும் கீழே விளக்கு விளக்கா..."

பஸ் ஒரு வளைவில் திரும்பியது. பனி சட்டென்று விலகியது. அவர் முதுகுக்குப் பின்னால் சேலம் மொத்தமும் விளக்கு விளக்காக விரிந்து கிடந்தது. நான் தோளைத் தொட்டேன்.

"ஒரு நிமிஷம் அங்கிள்," என்றார் தம்பி. "முக்கியமான இடத்தைச் சொல்லிட்டிருக்கேன்."