சாவி குமாஸ்தாவிடம்

தம்புசெட்டித் தெருவில் எந்த மாடிப்படி ஏறினாலும் அந்தச் சீனியர் வக்கீலைப் பார்க்கலாம். கறுப்புக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கும். போன் மேஜைமேல் மல்லாந்து கிடக்கும். புதுக் கட்சிக்காரர் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினால், "தைரியமா வாட்ஸ்அப்புல அனுப்புங்க. எண்டு-டு-எண்டு என்கிரிப்ஷன். அந்தக் கம்பெனிக்காரனே நெனச்சாலும் படிக்க முடியாது" என்பார்.

வாஸ்தவம். 2016 ஏப்ரலிலிருந்து எல்லாச் செய்திகளுக்கும் அந்தப் பூட்டு உண்டு. பூட்டின்மேல் நமக்கு வழக்கில்லை.

கம்பெனிக்காரன் படிக்க முடியாது, குமாஸ்தா படிப்பார். போனைத் திறக்கும் எண் அவருக்குத்தான் மனப்பாடம். இரண்டு ஜூனியர்களின் லேப்டாப்பிலும் அதே வாட்ஸ்அப் திறந்திருக்கும். போன மாதம் கோபித்துக்கொண்டு எதிர்க்கட்சி வக்கீலிடம் சேர்ந்த ஜூனியரையும் கணக்கில் எடுத்தால் மூன்று. சாயங்காலம் போன் பேரன் வசம் போய்விடும்.

மனு தயாரானதும் கீழே ஜெராக்ஸ் கடை நம்பருக்குப் பறக்கும். கடைக் கம்ப்யூட்டரில் திரை தெருவைப் பார்த்தபடி இருக்கும். அங்கே டவுன்லோடு ஃபோல்டரில் வாதியும் பிரதிவாதியும் ஒரே திண்ணையில் படுத்திருப்பார்கள். "சார், இதே கேஸ்ல ரெண்டு ஃபைல் வந்திருக்கு. உங்களோடது எது?" என்று கடைப் பையன் உரக்கக் கேட்பான். பாவம், அக்கறைதான். கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே விடக் கூடாது என்கிறது பாரதிய சாட்சிய சட்டம், 132ஆம் பிரிவு. குமாஸ்தாவையும் அது கட்டும். ஜெராக்ஸ் கடையைச் சட்டம் எழுதியவர்கள் எப்படித்தான் மறந்தார்களோ!

ஒருநாள் ஜூனியர் மெல்ல ஆரம்பித்தான். "சார், 2022ல அமெரிக்காவுல, ஆபீஸ் விஷயத்தைச் சொந்த போன்ல பேசிட்டுப் பதிவு வைக்கலைன்னு, வால் ஸ்ட்ரீட் கம்பெனி பதினாறுக்கு மொத்தம் 110 கோடி டாலருக்கு மேல அபராதம் போட்டாங்க."

சீனியர் திடுக்கிட்டார். பதிவு வைக்காததற்குத்தான் அபராதம் என்பது அவர் காதில் ஏறவில்லை. "பாத்தியா, போன்ல எதுவுமே இருக்கக் கூடாது!" என்று, அன்றே எல்லா உரையாடலையும் இருபத்துநாலு மணி நேரத்தில் தானே அழிய வைத்தார். பேரன்தான் செய்து கொடுத்தான்.

ஆறு மாதம் கழித்து வழக்கு ஜெயித்தது. பேசிய ஃபீஸைக் கேட்டார். "அப்படி எப்ப சார் பேசினோம்?" என்றார் கட்சிக்காரர். ஒப்புக்கொண்டு அவர் அனுப்பிய செய்தி என்றோ ஆவியாகியிருந்தது. அதே சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு மின்னணு ஆதாரம் தாக்கல் செய்வது எப்படி என்று ஜூனியர்களுக்குப் பாடம் நடத்துகிறவர், தாக்கல் செய்ய ஒன்றுமில்லாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

இப்போது ஃபீஸ் பேச்சு மட்டும் தாளில். இரண்டு பிரதி, இரண்டு கையெழுத்து, இரும்பு பீரோ. சாவி குமாஸ்தாவிடம்.