இரண்டு விஷ்ணுக்களும் ஒரு நாயும்

புனேயில் அப்பா பல்வந்த் சௌக் என்று ஒரு புத்தகக் கடைத் தெரு உண்டு. சென்னையின் மூர் மார்க்கெட்டைத் தீ தின்னாமல் விட்டிருந்தால் எப்படி இருந்திருக்குமோ, அந்தச் சந்தடி. அங்கே நடைபாதையில் எண்பது ரூபாய் கொடுத்து ஒரு பழைய புத்தகம் வாங்கினேன். வாத்தியார் இல்லாமல் கிடார் கற்கும் வகையைச் சேர்ந்தது. முதல் ஒன்பது பக்கம் விரல் அழுக்கேறிக் கறுத்திருந்தது. பத்தாம் பக்கத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை மாதிரி மொடமொட. பத்தாம் பக்கத்தில் எஃப் கார்டு. ஆட்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் அழுத்த வேண்டும் என்கிற அநியாயம். எனக்கு முந்தைய சொந்தக்காரர் விழுந்த இடம் அதுதான்.

இந்தப் புத்தக வம்சத்தில் பெரிய பெயர் மெல் பே. அமெரிக்காவில் மிசௌரிக்காரர், 1913-இல் பிறந்தவர். பதின்மூன்று வயதில் சியர்ஸ் ரோபக் கிடார் ஒன்று கைக்கு வந்தது. சொல்லித்தர ஆள் இல்லை. வாசிக்கிறவர்களின் விரலை முறைத்துப் பார்த்தே பெரும்பாலும் கற்றுக்கொண்டார். 1947-இல் சொந்தப் பதிப்பகம் போட்டு, காரில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக விற்றார். இங்கிலாந்தில் பெர்ட் வீடன் 1957-இல் ஒரு படி மேலே போனார். ஒரே நாளில் வாசிக்கலாம் என்று தலைப்பிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார். ஜார்ஜ் ஹாரிசனும் எரிக் கிளாப்டனும் அதைப் புரட்டியவர்கள்தான். மற்றவர்களுக்கு அந்த ஒரு நாள் இன்னும் முடியவில்லை.

ஆனால் புத்தகம் போட்டு சங்கீதம் சொல்லித்தரும் விஷமத்தை கிடார்காரர்கள்தான் தொடங்கினார்கள் என்று சொன்னால் புனேக்காரருக்குக் கோபம் வரும். மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கும் ஊர் அது. எங்கே வண்டி நிறுத்தக் கூடாது, எப்போது மணியடிக்கக் கூடாது என்று வாசலில் பலகை மாட்டி உலகத்துக்கே பாடம் நடத்தும் ஊர். பாடப்புத்தகம் அந்த மண்ணில் விளையாமல் வேறெங்கே விளையும்?

1874-இல் அங்கே பூனா காயன் சமாஜ் பிறந்தது. அதுவரை சங்கீதம் கற்பது என்றால் உஸ்தாத் வீட்டில் தண்ணீர் சுமந்து, கால் பிடித்து, அவர் மனசு இளகும் நாளுக்குக் காத்துக் கிடப்பது. நல்ல உருப்படிகளைப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த கான் சாகிப்கள் உண்டு என்பார்கள். மாப்பிள்ளையானால்தான் பாட்டு கிடைக்கும்! சமாஜ்காரர்கள் கூடி, இதைப் பள்ளிக்கூடப் பாடம் ஆக்கிவிடலாம் என்றார்கள். செயலாளர் பல்வந்த் திரிம்பக் சஹஸ்ரபுத்தே. பெயரிலேயே ஆயிரம் புத்தி. அதில் ஒன்றிரண்டை மெட்ராசுக்கும் கொண்டுவந்தார் போலிருக்கிறது. 1883-இல் இங்கே கிளை முளைத்தது. 1887-இல் விக்டோரியா ராணிக்குப் பொன்விழா வந்ததும், கிளை தன் பெயரை மெட்ராஸ் ஜூபிலி காயன் சமாஜ் என்று மாற்றிக்கொண்டது. ராணிக்குக் கல்யாணி தெரியுமா, காம்போதி தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் வந்தார்கள் இரண்டு விஷ்ணுக்கள்.

ஒருவர் விஷ்ணு திகம்பர் பலூஸ்கர். 1872-இல் குருந்த்வாடில் பிறந்தவர். சின்ன வயதில் பட்டாசு வெடித்துக் கண் பழுதானது. மிரஜில் பாலகிருஷ்ணபுவாவிடம் குருகுலவாசம் செய்தார். 1901-இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயம் திறந்தார். கண் மங்கிய மனிதர் அடுத்து என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? கண்ணால் படிக்கவேண்டிய பாடப்புத்தகமாக எழுதித் தள்ளினார்! அவருடைய ஸ்வரக் குறியீடு கொஞ்சம் உபத்திரவம். மளிகைச் சீட்டின் மேல் எறும்பு ஊர்ந்த மாதிரி மேலும் கீழும் குறி. பிள்ளைகள் பாடுவதா, கணக்குப் போடுவதா என்று திகைத்திருப்பார்கள்.

இன்னொருவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே, 1860-இல் பம்பாயில் பிறந்தவர். தொழிலால் வக்கீல். வித்வான் அகப்பட்டால் கச்சேரி கேட்கிறவரில்லை, குறுக்கு விசாரணை செய்கிறவர். 1904-இல் தெற்கே வந்து எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைப் பார்த்தார். தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சில் வெளிவந்த வருஷமும் அதுதான். வேங்கடமகியின் 'சதுர்தண்டி பிரகாசிகை' அந்தப் பயணத்தில் பாத்கண்டேக்குக் கிடைத்தது. இங்கே 72 மேளம். அதைப் பார்த்துவிட்டுப் போனவர் இந்துஸ்தானி ராகங்களையெல்லாம் தாட் என்ற பெயரில் 10 மேளத்தில் அடைத்தார். ரயிலில் சாமான் அதிகம் ஏற்றக் கூடாதென்று கார்டு கண்டித்திருக்க வேண்டும்.

வக்கீல் புத்தி சும்மா இருக்குமா? சமஸ்கிருதத்தில் 'சதுர பண்டிதர்' என்ற பெயரில் ஒரு நூல் எழுதினார். பிறகு மராத்தியில் குருவும் சீடனும் பேசிக்கொள்வது போலப் பெரிய பெரிய தொகுதிகள். அதில் ஆதாரம் தேவைப்பட்ட இடத்திலெல்லாம் கைகொடுத்தவர் யார்? அதே சதுர பண்டிதர்! தன் கட்சிக்குத் தானே சாட்சி. இருந்தாலும் கான் சாகிப்களின் பெட்டியைத் திறந்து நூற்றுக்கணக்கான உருப்படிகளை ஆறு பாகமாக அச்சில் ஏற்றினாரே, அதற்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம். குறியீட்டிலும் அவருடையதுதான் எளிது. அதனால் நின்றது.

பலூஸ்கர் 1931-இல் காலமானார். மறுவருஷமே அவருடைய சீடர் விநாயகராவ் பட்வர்தன் புனேயில் காந்தர்வ மகாவித்யாலயம் திறந்து, 'ராக விஞ்ஞான்' என்று ஏழு பாகம் எழுதினார். பாத்கண்டேக்கு ஆறு, இவருக்கு ஏழு. புனேக்காரரிடம் ஒன்று கூடத்தான் இருக்கும்.

இத்தனை புத்தகத்துக்கும் நடுவில் கிரானா பாணிப் பாடகர் அப்துல் கரீம் கான் 1913-இல் புனேக்கு வந்து பள்ளி நடத்தினார். அவரிடம் டிப்பு என்று ஒரு நாய் இருந்ததாம். அதற்கு ஸ்வரம் பிடிக்கச் சொல்லிக்கொடுத்து மேடையிலும் ஏற்றினார் என்று பழைய ரசிகர்கள் சொல்வார்கள். தாளம் நின்றதா தெரியாது, சுருதி நின்றதாம். அந்த நாய் ஆறு பாகமும் படிக்கவில்லை, ஏழு பாகமும் படிக்கவில்லை.

கான் சாகிப் 1937-இல் புதுச்சேரி போகும் வழியில் உடம்பு முடியாமல் சிங்கப்பெருமாள்கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி அங்கேயே உயிரை விட்டார். தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் ரயிலில் போகும்போதெல்லாம் எனக்கு இது நினைவு வரும். இந்த இடத்தில் நக்கல் வர மாட்டேன் என்கிறது.

என் கிடார் விஷயம். இரண்டு மாதம் கழித்துப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதே நடைபாதைக்குப் போனேன். பையன் பிரித்துப் பார்க்கக்கூட இல்லை. ஓரத்தைக் கட்டை விரலால் சர்ரென்று ஓட்டினான். பத்தாம் பக்கத்தில் நிறுத்தினான்.

"எஃப்-ஆ, காகா?"

தலையாட்டினேன்.

"முப்பது ரூபாய்" என்று சொல்லிவிட்டு, அதை எடுத்த இடத்திலேயே வைத்தான்.