தலைப்புத் தேடு படலம்

சர்வகலாசாலை நூலகத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு மேல், மேஜையின்மீது பத்துப் பதினைந்து ஆய்வேடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு, அவற்றில் ஒன்றையேனும் பிரித்துப் பாராமல், முதுகில் பொன்னெழுத்தில் பொறித்திருக்கும் பெயர்களை மாத்திரம் வாசித்து வாசித்துப் பெருமூச்செறியும் வாலிபர் ஒருவரை நீங்கள் காண நேர்ந்தால், ஏதோ மனோவியாகூலம் போலும் என்று இரங்கி ஆறுதல் சொல்லப் போய்விட வேண்டாம். அவர் தலைப்புத் தேடுகிறார்.

ஆராய்ச்சி மாணவர்களில் இவர் ஒரு தனி ரகம். ஊக்கத்தில் குறைவில்லை; உழைப்புக்கு அஞ்சுகிறவரும் அல்லர். தலைப்பு மட்டும் அமைந்துவிட்டால் ஆறே மாதத்தில் ஆய்வேட்டை முடித்துக் காட்டுவதாக அவர் சொல்லக் கேட்டுக்கொண்டே, அவரோடு சேர்ந்தவர்களெல்லாம் பட்டமும் பெற்று, உத்தியோகமும் பெற்று, கல்யாணமும் செய்துகொண்டுவிட்டார்கள். அவர் கோருவதும் பிரமாதமில்லை. இதுவரை ஒருவரும் தொடாத விஷயமாக இருக்க வேண்டும். அதைப் பற்றி வேண்டிய புத்தகங்களெல்லாம் முன்பே வெளிவந்திருக்கவும் வேண்டும்.

ஆதியில் அவருடைய தலைப்பு விசுவரூபம் எடுத்து நின்றது. 'சங்க இலக்கியத்தில் இயற்கை' என்று முழு வெள்ளைத்தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, அடியில் இரட்டைக் கோடும் இழுத்து நெறியாளரிடம் நீட்டினார். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "தம்பி, சங்கப் பாட்டு மொத்தம் 2,381. அத்தனையிலும் இயற்கை இருக்கிறது என்கிறார்கள். இல்லாத பாட்டு ஒன்றைக் கண்டுபிடியுங்கள், அது ஆராய்ச்சி" என்றார். நம்மவர் அதையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

அதன்பின் தலைப்பு தேய்பிறைச் சந்திரனாய்த் தேயலாயிற்று. குறுந்தொகையில் கருப்பொருள், குறுந்தொகையில் பறவைகள் என்றெல்லாம் குறுகி, கடைசியில் குறிஞ்சிப்பாட்டில் வந்து நின்றது. 261 அடிகளே கொண்ட அந்தப் பாட்டில், கபிலர் 99 பூக்களின் பெயர்களை மூச்சு விடாமல் அடுக்கியிருக்கிறார் அல்லவா? பூக்களை முன்பே பலர் ஆராய்ந்துவிட்டதாகத் தெரிந்ததும், ஒரே ஒரு பூவை எடுத்துக்கொள்வதென்று துணிந்து, பட்டியலில் முதலில் நிற்பது அதுதான் என்ற ஒரே நியாயத்தால் காந்தளைத் தேர்ந்துகொண்டு போனார்.

"ஐந்து இயலுக்கு என்ன எழுதுவதாக உத்தேசம்?"

"முதல் இயல் சங்க காலம், ஐயா. இரண்டாவது கபிலர் வரலாறு. மூன்றாவது குறிஞ்சித் திணை. நாலாவது பத்துப்பாட்டின் அமைப்பு. ஐந்தாவது மலரும் மனிதனும்."

"காந்தள் எங்கே?"

"முடிவுரையில் வந்துவிடும், ஐயா."

சிரிப்பதற்கில்லை. முடிவுரையிலும் தலைப்பு தலைகாட்டாத ஆய்வேடுகள் காலிகோ பைண்டு பூண்டு அலமாரிகளில் கம்பீரமாக வீற்றிருக்கின்றன.

தலைப்பைப் பிறர் களவாடிவிடுவார்களோ என்ற பீதி வேறு அவருக்கு உண்டு. தலைப்புகளைக் குறித்துவைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டை, அதில் அநேகமாக எல்லா வரிகளும் அடிக்கப்பட்டுவிட்ட பிறகும், உள்ளங்கையால் மறைத்துக்கொண்டுதான் பிரிப்பார். மாலையில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்" என்ற பீடிகையோடு, அதே தலைப்பை நாலு பேருக்குச் சொல்லி அபிப்பிராயமும் கேட்பார்.

இந்த நிலையில்தான் யாரோ ஒரு புண்ணியவான் அவருக்கு உ.வே. சாமிநாதையரின் கதையைச் சொல்லிவிட்டார். 1880-இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், தம்மைக் காண வந்த ஐயரிடம், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்ட கேள்வியிலிருந்தல்லவா அத்தனையும் தொடங்கிற்று! அதன்பின் ஏட்டுச்சுவடி தேடி அலைந்ததையும், பிரதிக்குப் பிரதி பாடபேதம் ஒப்பிட்டதையும், 1887-இல் சிந்தாமணி அச்சேறும் வரையில் ஐயர் பட்ட பாட்டையும் அப்படியே ஒதுக்கிவிட்டு, தலைப்பு என்பது முன்சீபுகள் வழங்க வேண்டிய வஸ்து என்ற சாராம்சத்தை மட்டும் நம்மவர் கிரகித்துக்கொண்டார். இப்போது ஊரில் பென்ஷன் வாங்கும் நியாயாதிபதிகளை வீடு வீடாகச் சென்று தரிசித்து வருகிறார். அவர்களில் ஒருவர், விருத்தாந்தம் முழுவதையும் கண்ணை மூடிக்கொண்டு சாவதானமாகக் கேட்டுவிட்டு, பழக்க தோஷத்தால் அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்கு வாய்தா கொடுத்திருக்கிறார்.