பற்றாக்குறை சார்

ஊருக்கு ஒருவர் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆங்கில வாத்தியார். கக்கத்தில் பழுப்புத் தாள் அட்டை போட்ட ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணம். வேறு எந்தத் தப்பான ஆங்கிலம் காதில் விழுந்தாலும் மன்னித்துவிடுவார். 'போதவில்லை' என்பதைத் தப்பாகச் சொன்னால் மட்டும் விடமாட்டார்.

கல்யாணப் பந்தியில் பார்க்கவேண்டும். மூன்றாம் பந்தியில் மாப்பிள்ளையின் மாமா, "வடை லெஸ்ஸா இருக்குய்யா!" என்று கத்துவார். சார் இலையிலிருந்து நிமிர்வார். "வடையை எண்ணலாம், அதுக்கு ஃப்யூவர். சாம்பாரை எண்ண முடியாது, அதுதான் லெஸ்." பரிமாறுகிறவர் பாதியைத்தான் கேட்பார். "சாம்பார் பத்தலையாம்!" என்று அடுப்படிக்குக் குரல் போகும். அடுத்த நிமிடம் அண்டாவில் ஒரு வாளி வெந்நீர் விழும்.

இந்த விதி ஆங்கிலத்தோடு கூடப்பிறந்தது என்பது சாரின் நம்பிக்கை. உண்மையில் 1770-ல் ராபர்ட் பேக்கர் என்பவர், இப்படிச் சொன்னால் நன்றாயிருக்கும் என்று தன் அபிப்பிராயமாக எழுதியது அது. பிற்பாடு வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஆல்ஃபிரட் மன்னர் எண்ணக்கூடியதற்கும் 'லெஸ்' போட்டிருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன். "ராஜாவா இருந்தா என்ன? என் கிளாஸ்ல அரை மார்க் கட்" என்றார்.

2008-ல் பிரிட்டனின் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் நிறுவனம், பில் போடும் இடத்திலிருந்த 'டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகைகளுக்குப் பதிலாக 'அப் டு டென் ஐட்டம்ஸ்' என்று வைக்க முடிவெடுத்தது. அந்தச் செய்தித் துணுக்கைச் சார் பர்சில் வைத்திருக்கிறார், ரூபாய் நோட்டு இருக்கவேண்டிய இடத்தில்.

அந்தப் பர்சை நம்பித்தான் பால்காரர் ஒருநாள் ஐந்நூறு கைமாற்று கேட்டார். "ஐ ஹேவ் லிட்டில் மணி" என்றார் சார். கொஞ்சம் இருக்கிறதாக்கும் என்று பால்காரர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வெறும் லிட்டில் என்றால் இல்லாத மாதிரிதான், முன்னால் 'ஏ' வந்தால்தான் கொஞ்சமாவது உண்டு என்று பாடம் தொடங்கியது. ஃப்யூ, ஏ ஃப்யூவும் தொடர்ந்தன. கேன் பால் திரிந்துவிடும் என்கிற கட்டத்தில் பால்காரர் கும்பிட்டார்: "சரிங்க சார், ஏ லிட்டிலாவது குடுங்க."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வருஷ சர்வீஸில் இவ்வளவு சுத்தமாக யாரும் சொன்னதில்லையாம். உள்ளே போய் இருநூறு எடுத்துவந்து கொடுத்தார்.

உங்கள் ஊர் சாரிடம் கடன் கேட்கப் போகிறவர்கள் அந்த 'ஏ'யை மட்டும் விட்டுவிடாதீர்கள்.