பெட்டியின் பிராணாயாமம்

மோட்டார் சைக்கிளின் இரு பக்கமும் அலுமினியப் பெட்டிகளை மாட்டிக்கொண்டு, ஆனி மாதத்தில் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் புறப்பட்டு, போய்ச் சேரும்போது உள்ளேயிருக்கும் வேஷ்டி உலர்ந்தே இருக்கும் என்று மனப்பூர்வமாக நம்புகிறவர்களை, ஆஸ்திகர்களுக்குள் தனியொரு பிரிவினராகவே கணக்கிட வேண்டும். அந்தப் பிரிவில் நானும் வெகுகாலம் விசுவாசத்தோடு இருந்தவன். பெட்டியை விற்றவர், அதன் மூடியில் ஒட்டியிருந்த 'ஐ.பி. 67' என்ற சீட்டை விரலால் தட்டிக் காட்டி, "சார், இதைத் தூக்கி ஆத்துல போட்டாலும் உள்ளே ஒரு சொட்டு எறங்காது" என்று சத்தியம் செய்த தோரணை அப்படி.

அந்த எண்ணின் தாத்பரியம் பிற்பாடுதான் விளங்கிற்று. 6 என்பது தூசிக்கு. 7 என்பது ஜலத்துக்கு. ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிஷம் அமிழ்த்தி எடுத்தால் உள்ளே கெடுதல் நேராது என்பதே அந்த 7 கொடுக்கும் அபயம். பீய்ச்சியடிக்கும் நீருக்கு 5, 6 என்று வேறு எண்கள் இருக்கின்றன. அவற்றிலும் தேறிய பெட்டியானால் அதைத் தனியே அச்சிட்டிருப்பார்கள். ஆகவே விற்றவர் பொய் சொல்லவில்லை. அவர் ஆற்றில்தான் போடச் சொன்னார். சோதனைச்சாலைத் தொட்டியில் பெட்டி சும்மா கிடக்கிறது. ரோட்டிலோ, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவனுக்கு மழை மேலிருந்து பெய்வதில்லை, எதிரே வந்து அறைகிறது. பின்சக்கரம் வாரியிறைக்கும் சேற்று நீர் கீழிருந்து பூஜிக்கிறது. பள்ளந்தோறும் குலுங்கும் பெட்டிக்கும் மூடிக்கும் இடையே நாளடைவில் மனஸ்தாபம் உண்டாகிவிடுகிறது.

அந்த மனஸ்தாபம் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான உபாயம் உண்டு. தினசரிப் பத்திரிகையில் ஒரு கீற்றுக் கிழித்து, பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக வைத்து மூடியைப் பூட்டி, வெளியே நிற்கும் பாதியை இழுக்க வேண்டும். ரப்பர் பீடிங் அழுந்தப் பிடித்திருந்தால் காகிதம் கிழியும். இல்லாவிட்டால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். என் பெட்டியில், பூட்டுக்கு அருகில் தலையங்கமே கிழிந்தது. பூட்டுக்கு எட்டாத மூலையிலோ ராசிபலன் ஒரு சுருக்கமும் இல்லாமல் முழுசாக வெளியே வந்தது. வீட்டில் பத்திரிகை படிக்கிற மற்றவர்களும் இருக்கிறார்கள் என்பதை இந்தப் பரிசோதனையைத் தொடங்குவதற்கு முன்பு யோசிப்பது நல்லது.

சந்து தெரிந்துவிட்டால் அடைக்க வேண்டியதுதானே என்று ஹார்டுவேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டு, மீன் தொட்டி ஒட்டுகிற சிலிக்கான் ட்யூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரிவெட்டுகளின் மேலும் உள்மூலைகளிலும் அதைப் பூசி ஒரு நாள் விட்டுவைத்ததில், வீடு முழுவதும் ஊறுகாய்க் கடைபோல் காடி வாசனை வீசிற்று. காய்கிற பொழுது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும் ஜாதி அது. கண்ணாடிக்கு உகந்தது, உலோகத்தை அரிக்கக்கூடியது. அலுமினியத்துக்கு வாசனையில்லாத வேறொரு வகை உண்டென்று அறிந்தவர்கள் சொல்லுகிறார்கள். எனினும் அந்தச் சிலிக்கானைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தண்ணீரைத் தொட்டிக்கு உள்ளேயே நிறுத்திவைப்பதுதான் அதன் தர்மம். மூடி வழியாக வந்த மழையை, வால்பாறை லாட்ஜில் நான் திறந்து பார்க்கும் வரையில், ஒரு துளியும் சிந்தாமல் காப்பாற்றிக் கொடுத்தது.

இத்தனை அடைத்த பிறகும் நீர் எவ்வாறு நுழைகிறது என்ற சந்தேகத்துக்குப் பௌதிக சாஸ்திரத்தில்தான் விடை கிடைத்தது. பெட்டி பிராணாயாமம் செய்கிறது. ஆழியாற்று வெயிலில் 50 டிகிரிவரை காய்ந்து, 40 கொண்டையூசி வளைவுகளையும் ஏறிச் சுமார் 3,500 அடி உயரத்தை அடைவதற்குள், வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுவதால், உள்ளிருக்கும் காற்று பீடிங்கை நெட்டிக்கொண்டு வெளியேறுகிறது; இது ரேசகம். மேலே திடீரென்று மழை பிடித்து, அதே பெட்டி 25 டிகிரிக்குக் குளிர்ந்தால், மிஞ்சியிருக்கும் காற்று பதின்மூன்றில் ஒரு பங்கு சுருங்கி, சுருங்கிய அளவுக்கு வெளியிலிருந்து எதையாவது இழுக்கிறது, இது பூரகம். திரும்பி மலையிறங்கும்போது வெளி அழுத்தம் கூடக்கூட, பூரகம் மேலும் தீவிரமாகிறது. சந்தின் வாயில் அச்சமயம் ஒரு மழைத்துளி தங்கியிருக்குமானால், காற்றுக்குப் பதிலாக அத்துளியே உள்ளே போகும். எல்லா இடத்தையும் அடைத்து ஒரேயொரு மூலையை மட்டும் மறந்தவனுடைய பெட்டி, தன் சுவாசம் முழுவதையும் அந்த மூலை வழியாகவே நடத்துகிறது. விமானத்தில் ஏற்றும் காமிராப் பெட்டிகளில், காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சிறு வால்வு ஒன்று பொருத்துவது இந்தக் காரணத்தினால்தான்.

இவ்வளவையும் பொள்ளாச்சி மெக்கானிக் ஒருவரிடம் நான் விஸ்தாரமாக எடுத்துரைத்தபோது, அவர் செயினுக்கு ஆயில் விட்டுக்கொண்டே, "தண்ணி வந்தா வரட்டுமுங்க சார். போறதுக்கு ஒரு வழி வெச்சு உட்டுருங்க" என்றார். ஐந்நூறு ரூபாய்க்கு நான் வாங்கிய பண்டங்கள் எதிலும் இல்லாத விவேகம் இந்த வாக்கியத்தில் இருந்தது. பெட்டியின் அடியில் 4 மில்லிமீட்டர் துளை ஒன்று, வேஷ்டி சட்டைகளுக்கு, வாயை மூன்று மடிப்பு மடித்துக் கிளிப் போடும் நீர்புகாப் பை ஒன்று, இவ்விரண்டும் போதும். முன்னெல்லாம் ஜவுளிக்கடைக் கேரி பேக்கே அந்த உத்தியோகத்தைப் பார்த்து வந்தது. 1-1-2019 முதல் நம் மாநிலத்தில் அதற்குத் தடை. பீடிங்கில் வாசலின் தடவுவோரையும் எச்சரித்து வைக்கிறேன். பெட்ரோலிய ஜெல்லி பட்டால் ரப்பர் ஊதிவிடும். சிலிக்கான் கிரீஸ் தொட்டுத் தடவுங்கள், அதுவும் கொஞ்சமாக.

துளை எங்கே என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டி இடப்பக்கம் சாய்வதால், நீர் இரு பெட்டிகளிலும் இடது ஓரத்துக்கே வந்து சேரும். ஆகையால் இடப் பெட்டிக்கு வெளியோரத்திலும், வலப் பெட்டிக்குச் சக்கரத்தை ஒட்டிய ஓரத்திலும் துளையிடுங்கள். டிரில் மிஷினை எடுப்பதற்கு முன்பு வேஷ்டியை வெளியே எடுத்துவிடுங்கள்.