புரதத்துக்கு யார் கேட் பாஸ் கொடுப்பது?

செல்லுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்தைப் பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதப்போக, பொன்னேரிப் பக்கத்து வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்:

கேள்வி: எங்கள் கம்பெனியில் ஒரு பெட்டி வெளியே போக டிஸ்பாட்ச் சீட்டு, கேட் பாஸ், இ-வே பில், செக்யூரிட்டி கையெழுத்து எல்லாம் வேண்டும். செல்லுக்குள் இத்தனை புரதங்கள் இடம் மாறுகின்றனவே, அங்கே சூப்பர்வைசர் யார்? (சிப்காட் ஊழியர், கும்மிடிப்பூண்டி)

பதில்: யாருமில்லை. அதனால்தான் வேலை நடக்கிறது.

புரதம் தயாராகும்போதே அது போகவேண்டிய விலாசம் அதன் உடம்பில் அமினோ அமிலங்களாக எழுதப்பட்டுவிடும். இதைக் கண்டுபிடித்த குந்தர் புளோபலுக்கு 1999-ல் நோபல் பரிசு கிடைத்தது. செல்லுக்கு வெளியே போகும் விலாசம் உள்ள புரதம் முதலில் எண்டோபிளாச வலைக்குள் போகும். ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்று அங்கே சோதனை. தேறினால், வலையின் சவ்வு பிதுங்கி, கிள்ளியெடுத்ததுபோல ஒரு குமிழ் பிரியும். அதில் ஏறிக் கோல்கை உறுப்புக்குப் போனால் ஃபினிஷிங் வேலை. அங்கிருந்து வேறு குமிழ். அது செல்லின் வெளிச்சவ்வோடு ஒட்டிக் கலந்தால் டெலிவரி முடிந்தது. ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் இப்படிப்பட்ட குமிழ்களை ஏறக்குறைய ஆயிரம் வரிசையாக நிறுத்தலாம். டோல் மட்டும் உண்டு. ஏடிபி, ஜிடிபி என்ற எரிசக்தி மூலக்கூறுகளில் கட்டவேண்டும், ஃபாஸ்டேக் செல்லாது.

கேள்வி: இவ்வளவு சின்ன விஷயத்தை யார் பார்த்தார்கள்? கட்டிவிட்ட கதை இல்லையே? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கவரைப்பேட்டை)

பதில்: உங்கள் சந்தேகம் பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கும் இருந்தது, ஐயா. கமிலோ கோல்கி 1898-ல் கோல்கை உறுப்பைப் பார்த்துச் சொன்னபோது, அது சாயம் செய்த மாயம் என்று பலர் அரை நூற்றாண்டு வாதாடினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகுதான் அடங்கினார்கள். பிறகு ஜார்ஜ் பலாடே கினிப்பன்றியின் கணையச் செல்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலத்தை 3 நிமிடம் மட்டும் ஊட்டி, புதிதாக உருவான புரதம் எங்கெங்கே போகிறது என்று துரத்தினார். வலை, கோல்கை, சேமிப்புக் குமிழ் என்று மொத்தப் பயணமும் சுமார் 2 மணி நேரம். 1974-ல் நோபல்.

பாதை தெரிந்தது. வண்டியை ஓட்டும் இயந்திரம் தெரியவில்லை. அமெரிக்காவின் பெர்க்லியில் ராண்டி ஷெக்மன் சாதாரண பேக்கரி ஈஸ்டை எடுத்தார். மரபணுக் கோளாறான ஈஸ்டுகள் 25 டிகிரியில் ஒழுங்காக இருக்கும். 37 டிகிரியில் (பொன்னேரியில் அது சித்திரை மதியம்) குமிழ்ப் போக்குவரத்து நின்றுவிடும். உற்பத்தி நடக்கிறது, வெளியே போக வழியில்லை, செல்லும் பெரிதாகவில்லை. ஆகவே அதன் அடர்த்தி கூடுகிறது. ஷெக்மனும் அவர் மாணவர் பீட்டர் நோவிக்கும் என்ன செய்தார்கள்? எல்லா ஈஸ்டையும் அடர்த்தியான ஒரு திரவத்தில் சுழற்றி, அடியில் போய் உட்கார்ந்த கனமான செல்களை மட்டும் பொறுக்கினார்கள். 1980-க்குள் 23 மரபணுக்கள் சிக்கின. லட்சக்கணக்கில் செல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அதே சமயம் ஜேம்ஸ் ராத்மன் பாலூட்டிச் செல்களை உடைத்து, உள்ளே இருந்ததைச் சோதனைக் குழாயில் போட்டு ஓட்டிப் பார்த்தார். அவர் பிரித்தெடுத்த ஒரு புரதமும் ஷெக்மனின் ஒரு ஈஸ்ட் மரபணுவும் ஒன்றேதான் என்று 1989-ல் தெரியவந்தது. ஈஸ்டும் நாமும் பிரிந்து நூறு கோடி ஆண்டுக்கு மேல் ஆகிறது; இந்தப் பாகத்தை இருவருமே மாற்றவில்லை. தாமஸ் சூதோஃப் நரம்புச் செல்லில் குமிழ் எந்த நொடியில் திறக்கிறது என்பதைக் கண்டார். மூவருக்கும் சேர்த்து 2013-ல் நோபல்.

கேள்வி: இதனால் எங்களுக்கு என்ன? (வாசகி, மீஞ்சூர்)

பதில்: துரு ஆணி குத்தினால் டிடி ஊசிக்கு ஓடுகிறீர்களே. டெட்டனஸ் நச்சு, நரம்புக் குமிழைச் சவ்வோடு ஒட்டவைக்கும் புரதத்தைத்தான் வெட்டுகிறது. நட்சத்திரங்கள் நெற்றிச் சுருக்கம் போகப் போட்டுக்கொள்ளும் போடாக்ஸும் அதே குடும்பத்துக் கத்தரிக்கோல்தான்.

கேள்வி: காலரா பற்றித் தாத்தா கதை கதையாகச் சொல்வார். அந்தக் கிருமி செல்லுக்குள் எப்படிப் புகுகிறது? (மீனவர், பழவேற்காடு)

பதில்: புகுவதே இல்லை, அண்ணே. குடலில் இருந்தபடி ஒரு நச்சை விடுகிறது, அவ்வளவுதான். கல்கத்தாவின் சம்புநாத் டே முயல் குடலில் ஒரு துண்டை இரு முனையிலும் கட்டி, கிருமியே இல்லாத வடிகட்டிய திரவத்தை அதற்குள் செலுத்தினார். அந்தத் துண்டு நீர் கோத்துப் புடைத்தது. இந்த முடிவு 1959-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

அந்த நச்சு செய்யும் பித்தலாட்டம் பிற்பாடு தெரிந்தது. வலையில் நிரந்தர வேலை பார்க்கும் புரதங்கள் தவறிப்போய்க் கோல்கைக்கு வந்துவிட்டால் திருப்பி அனுப்புவதற்காக, அவற்றின் வால் நுனியில் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட முத்திரை இருக்கும். காலரா நச்சு அதே முத்திரையைத் தன் வாலில் வைத்துக்கொண்டு வருகிறது! வெளிச்சவ்வில் தொற்றி, எதிர்த்திசையில் பயணித்து, வலைக்குள் நுழைந்து, அங்கே மடிப்புக் கெட்ட புரதமாக வேஷம் போட்டு, குப்பையோடு குப்பையாக செல்லின் உட்பகுதிக்கு வந்துசேரும். பிறகு செல்லிலிருந்து உப்பும் நீரும் குடலில் கொட்டும்.

நோபல் பெற்ற விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க் பரிந்துரைத்தும் டேக்கு நோபல் வரவில்லை. 1985-ல் காலமானார். கமிட்டி தவறவிட்டது என்றே சொல்வேன்.

கேள்வி: செல்லுக்குள் டிரைவர் உண்டா? (லாரி உரிமையாளர், சோழவரம்)

பதில்: உண்டு. கைனேசின், டைனீன் என்ற மோட்டார் புரதங்கள் குமிழை இழுத்துக்கொண்டு குழாய்ப் பாதையில் அடி எடுத்து வைக்கும். கைனேசினின் ஓரடி 8 நானோமீட்டர். முதுகுத்தண்டிலிருந்து கால் கட்டைவிரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள நரம்பில் சரக்கு போய்ச்சேரப் பத்துப் பன்னிரண்டு நாள்கூட ஆகலாம். கும்மிடிப்பூண்டி லோக்கல் லேட் என்று இனி புலம்பாதீர்கள். டைனீன் ஒற்றையாக இழுத்தால் சோப்ளாங்கி, கூட்டமாகச் சேர்ந்தால் பலே பலம். இதை அளந்து காட்டியவர் மும்பையின் ரூப் மல்லிக். 2018-ல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றார்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை. இதற்கும் சம்பந்தம் கட்டிவிடுவீர்களா? (வாசகர், பொன்னேரி)

பதில்: கட்டவே வேண்டாம், இருக்கிறது. சர்க்கரையை உள்ளே இழுக்கும் வாயில்புரதம் ஒன்று தசைச் செல்லுக்குள் குமிழ்களில் காத்திருக்கும். இன்சுலின் கட்டளை வந்தால்தான் குமிழ் மேலே வந்து வெளிச்சவ்வில் சேரும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் அந்தக் கட்டளை சரியாகக் காதில் விழுவதில்லை. ஆனால் தசை அசைந்தால் இன்சுலின் சொல்லாமலே அந்தக் குமிழ்கள் மேலே வரும். மாத்திரையை விடாதீர்கள், ஷேர் ஆட்டோவை விட்டு ஸ்டேஷனுக்கு நடந்து போங்கள்.

கேள்வி: இதைப் படிக்க நான் எங்கே போகவேண்டும்? (பிளஸ் டூ மாணவி, பொன்னேரி)

பதில்: செல்சவ்வுப் போக்குவரத்து ஆய்வில் பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) பெயர்பெற்ற இடம், சத்யஜித் மேயர் பல காலம் ஆய்வு செய்தது அங்கேதான். ஆனால் அது பட்டத்துக்குப் பிறகு. பிளஸ் டூ முடித்ததும் சேர ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) இருக்கின்றன. உங்களுக்கு மிக அருகில் திருப்பதி. ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியலோடு இயற்பியல், வேதியியல், கணிதமும் கேட்பார்கள். ஆகவே கணக்கைக் கைவிட்டுவிடாதீர்கள், அம்மா.